மூன்று நாள் சொட்டு

எங்கள் வீட்டில் பட்ஸ் கிடையாது. கொண்டை ஊசி கொண்டை போடுவதற்கு மட்டும்தான். காதுக்குள் எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிறேன், பூண்டு போட்டுச் சூடாக்கி விடுகிறேன் என்று யாராவது கிளம்பினால் நான் பத்ரகாளி ஆகிவிடுவேன். குளித்து முடித்ததும் ஈரத் துண்டின் நுனியால் வெளிக்காதைத் துடை, அவ்வளவுதான். உள்ளே இருப்பது தானே நகர்ந்து வெளியே வரும், நீ சோறு மெல்லுகிற அசைவிலேயே அது வந்துவிடும் என்று சொல்வேன். என் மருமகள் இதைக் கேட்டு ஓயாமல் சிரிக்கிறாள். "அத்தைக்குக் காது மேலே இன்னா பக்தி" என்கிறாள். சிரிக்கட்டும். அந்தப் பக்தி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு நான் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா கள்ளிக்குப்பத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்த குடும்பத்திலிருந்து வந்து, எப்படியோ தொழிற்சாலைக்குள் நுழைந்து, பத்து வருடத்தில் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ் வாங்கியவர். அம்மா, நான், என்னைவிட மூன்று வயது சின்னவளான என் தங்கை. எங்கள் பிளாக்கில் பன்னிரண்டு வீடுகள். மதுரைக்காரர்கள், நெல்லைக்காரர்கள், வேலூர்க்காரர்கள் என்று எல்லாரும் கலந்து கிடப்போம். அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கும் காது குடைவது நான்தான்.

பெருமையாகத்தான் சொல்கிறேன், அப்போது அது எனக்கு அவ்வளவு பெருமை. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்து பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் உட்காருவார்கள். நான் ஒரு கொண்டை ஊசியின் வளைந்த பக்கத்தை விளக்கெண்ணெயில் தோய்த்துக்கொண்டு ஒவ்வொரு தலையாக மடியில் வைத்துக்கொள்வேன். வெயில் காதுக்குள் விழுகிற மாதிரி திருப்பிப் பிடிக்க வேண்டும். எடுத்த குறும்பியைப் புறங்கையில் தேய்த்து அவர்களுக்கே காட்டுவேன். "இத்தனை வெச்சிருந்தியா, பாரு" என்பேன். அதைப் பார்த்தால்தான் அவர்களுக்கு நிம்மதி. ஒரு சிட்டிகை வெளியே வந்தால் இரண்டு சிட்டிகை உள்ளே தள்ளப்படுகிறது என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

தங்கைக்குக் காதுத் துவாரம் குறுகல். அவள் வலியில் நெளிவாள். நெளிந்தால் எனக்குக் கோபம் வரும், முழங்காலை அவள் கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டு குடைவேன். அவளுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்ததை முதலில் கண்டுபிடித்ததும் நான்தான். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் ஆழமாகக் குடைந்தேன். அது இன்னும் மந்தமாயிற்று. எனக்கு அது வேடிக்கையாகப் போய்விட்டது. அவள் முன்னால் நின்றுகொண்டு சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பேன். அவள் பதறிப்போய், "இன்னாக்கா? இன்னா சொன்னே?" என்று கேட்பாள். பிளாக்குப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். செவிடி என்ற பெயரை அவளுக்கு வைத்ததும் நான்தான். நல்ல பெயர் வைத்தால் ஒட்டுவதில்லை, இது ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டது.

மெல்லப் பேசினால் அவளுக்குக் கேட்காது. கத்திப் பேசினால் நன்றாகவே கேட்கும். இது பிளாக்கில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அந்த வருடம் அப்பா இரண்டாவது ஷிப்டில் மார்வலி வந்து மிஷின் பக்கத்திலேயே விழுந்து செத்துப்போனார். காரியம் முடிந்த பிறகு யூனியன்காரர் வீட்டுக்கு வந்து, குடும்பத்தில் ஒருத்தருக்கு வேலை கொடுப்பார்கள், வேலை வந்தால் குவார்ட்டர்ஸும் நம்மிடமே இருக்கும், யார் பெயரைக் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். அம்மா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"சின்னவ பேரை எழுதிக்கோங்க. பெரியவளுக்குத்தான் மாப்ளை பாத்து வெச்சிகீறோமே" என்றாள்.

அந்த மாப்பிள்ளை வானகரத்தில் மாவு மில் வைத்திருந்த வீட்டுப் பையன். பெண் பார்க்க வந்தபோது அவனுடைய கண் இமையில்கூட மாவு இருந்தது. தலைமுடி, காது மடல், சட்டைக் காலர் எல்லாம் வெள்ளை. மில் ஓடுகிற சத்தத்தில் பேசிப் பழகியவன் என்பதால் எங்கள் சின்ன அறைக்குள்ளும் கூட்டத்தில் பேசுகிற மாதிரி கத்தினான். நான் காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். வாழ்நாள் முழுக்க மிளகாய்த்தூளையும் கேழ்வரகையும் முகர்ந்துகொண்டு மாவு மிஷின் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்க என்னால் ஆகாது. காலையில் சைக்கிளில் அடையாள அட்டையோடு கேட்டுக்குள் போகிற பெண்களை நான் தினமும் மாடிப்படியிலிருந்து பார்ப்பவள். அந்த அட்டை எனக்கு வேண்டும். அவள் பன்னிரண்டாவது படித்தவள், எங்கே வேண்டுமானாலும் பிழைத்துக்கொள்வாள். நான் பத்தாவதில் கோட்டை விட்டவள். எனக்கு இதை விட்டால் வேறு வழியே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை அம்மாவிடமும் சொன்னேன்.

"போடி, வாய் கிழியுது. ஊட்ல பெரியவ முதல்ல போவணும்" என்றாள். பேச்சு முடிந்தது.

தங்கைக்கு ஒரு வெள்ளிக்கிழமை மெடிக்கல் டெஸ்ட் என்று கடிதம் வந்தது. எடை, கண், காது எல்லாம் பார்ப்பார்கள். காதுதான் பயம். "நீ இட்டுகினு போய் டிஸ்பென்சரில காட்டு, ஒனக்குத்தான் காது வெவரம்லாம் தெரியுமே" என்று அம்மா என்னிடம் மெடிக்கல் புத்தகத்தைக் கொடுத்தாள். அந்தப் புத்தகம் இல்லாமல் டிஸ்பென்சரியில் வாசற்படிகூட ஏற முடியாது. அப்பா பெயர் எழுதிய சிவப்பு அட்டைப் புத்தகம்.

திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஏதோ எழுதி மருந்து கொடுக்கிற சன்னலுக்கு அனுப்பினார். தங்கை நான்கடி தள்ளி பெஞ்சில் உட்கார்ந்து, தடுப்பூசி போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சன்னலுக்குள் இருந்த கம்பவுண்டர் நெல்லைக்காரர், யாரிடம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கிற தொண்டை.

"ஏம்மா, காதை எதைக் கொண்டு குடைஞ்சிய? உள்ள கல்லு மாதிரி இறுகிக் கெடக்குல்லா. இனிமே ஒரு குச்சியும் உள்ள போவக் கூடாது, கேட்டியா? இந்தச் சொட்ட இன்னைக்கு, நாளைக்கு, புதன்கெழமை, மூணு நாளு விடு. வியாழக்கெழமை காலைல கண்டிப்பா கூட்டிட்டு வந்துரணும், நான் தண்ணி பீச்சிக் கழுவி விட்டுருதேன். கழுவாம விட்டியோ, ஊறி உப்பி மொத்தமா அடைச்சுக்கும், இடி விழுந்தாலும் கேக்காது."

நான் தலையாட்டிவிட்டு மருந்துப் புட்டியை வாங்கினேன். சோடாவும் கிளிசரினும் கலந்த தித்திப்பான சொட்டு. வழியில் தங்கை, "இன்னாக்கா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"மூணு நாளு சொட்டு உடணுமாம். சரியாப் பூடுமாம்" என்றேன்.

அந்த இடத்தில் நான் பொய் சொல்லவில்லை என்று பல வருடம் வாதாடியிருக்கிறேன். யாரிடம்? எனக்குள்ளேயேதான். சொன்ன வரை உண்மைதானே. சொல்லாமல் விட்டதற்கு யாரும் வழக்குப் போட முடியாதே.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் சொட்டு விட்டேன். ஒரு வேளை தவறவில்லை. அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, காதை மேலே இழுத்துப் பிடித்து, ஐந்து சொட்டு எண்ணி விட்டு, எழுந்திருக்காதே என்று அதட்டி, அவ்வளவு அக்கறையாகச் செய்தேன். அம்மாவே பார்த்துவிட்டு, "தங்கச்சி மேலே எவ்ளோ பாசம்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கூச்சமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை மெடிக்கல் புத்தகத்தை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்துவிட்டு, இரண்டு பக்கெட் துணியை எடுத்துக்கொண்டு பிளாக்குக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனேன். ஊறவே வைக்காத போர்வையைக்கூட அன்றைக்குத் துவைத்தேன். டிஸ்பென்சரி பதினொன்றரைக்கு மூடுவார்கள். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதின பிறகுதான் திரும்பி வந்தேன். தங்கை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, பவுடர் போட்டு, அவளிடம் இருந்த ஒரே நல்ல தாவணியை, மயில்கழுத்துக் கலரில் இருக்கும், அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி செவிடி, ஒன்னைப் பொண்ணு பாக்க வராங்களா?" என்று கத்தினேன். மேல் வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் என்னையே பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்ப் பழைய தாவணிக்கு மாறினாள்.

வெள்ளிக்கிழமை காலை, "அக்கா, ஒண்ணுமே கேக்கல. தலைக்குள்ளே தண்ணி ரொம்பின மாரி கீது" என்றாள். குரல் அவளுக்கே கேட்காததால் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். மருந்து வேலை செய்கிறது என்று சைகை காட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு அப்போதும் திருப்தி இல்லை. வா, கொஞ்சம் எடுத்து விடுகிறேன் என்று மடியில் சாய்த்துக் கொண்டை ஊசியை விட்டேன். ஊறிப்போன களி மாதிரி இருந்தது. இரண்டு காதிலும் இருந்த கொஞ்சநஞ்ச வழியையும் அடைத்தேன். ஊசி முனையில் துளி ரத்தம் வந்தது. அதைத் தாவணி ஓரத்தில் துடைத்தேன். அவளுடைய தாவணியில்தான்.

டெஸ்ட் அறைக்குள் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்று என்னை உள்ளே விட்டார்கள். டாக்டர் தங்கைக்குப் பின்னால் அறையின் கோடியில் நின்றுகொண்டு, ஒரு காதை மூடச் சொல்லி, குசுகுசுப்பாக எண்களைச் சொன்னார். அவள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஐம்பத்தேழு என்றார். அவள் சும்மா நின்றாள். பதினெட்டு என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளுக்கு எதிரில்தான் நின்றிருந்தேன். வருடக்கணக்காக என் வாயசைவைப் படித்துப் பழகியவள். நான் உதட்டை லேசாக அசைத்திருந்தால் போதும், சொல்லியிருப்பாள். நான் எடை பார்க்கிற மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவள் தோராயமாக, "முப்பது" என்றாள். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"உள்ளே ஊறிப்போய் அடைச்சிருக்கு. கழுவிவிட்டு அடுத்த மாசம் கூட்டிக்கிட்டு வா, மறுபடி பார்க்கிறேன்" என்று என்னிடம் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் அம்மா பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னாடி சொன்னாரு?"

"செவிடாம்மா. எடுக்க மாட்டாங்களாம்" என்றேன். கூடவே அழுதேன். அழுகை நன்றாக வந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அடுத்த வாரமே அம்மா என் பெயருக்கு மாற்றிக் கைநாட்டு வைத்தாள். எனக்கு டெஸ்டில் எந்தக் குறையும் இல்லை, என் காதுதான் யாரும் குடையாத காதாயிற்றே. அடையாள அட்டை வந்தது. வானகரத்து இடம் கைநழுவிப் போகிறதே என்று அம்மா கவலைப்பட்டபோது அதற்கும் நான்தான் யோசனை சொன்னேன். "அவளைக் குடுத்துரு. மாவு மில்லுல எல்லாரும் கத்தித்தானே பேசுவாங்க. செவிடிக்கு அதான் தோதான எடம்" என்றேன். அம்மாவே சிரித்துவிட்டாள். தங்கை சமையற்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆடி முடிந்து ஆவணியில் கல்யாணம்.

கல்யாணமான பத்தாம் நாள் அந்த மாவு மூஞ்சிக்காரன் அவளைப் பூந்தமல்லிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு டாக்டரிடம் காட்டிக் காதைக் கழுவிவிட்டான். கொட்டைப்பாக்கு அளவுக்கு இரண்டு காதிலிருந்தும் விழுந்ததாம். அவளுக்கு எல்லாம் கேட்டது. செய்தி வந்தபோது அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "டாக்டரே சொன்னாரு, நான் இன்னா பண்றது?" என்றேன். அன்றைக்கு நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. என்னுடைய அட்டையில்தான் அந்த வீடு நின்றுகொண்டிருந்தது.

நான் நன்றாக வாழ்ந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். அதே தொழிற்சாலையில் ஒரு ஃபிட்டரைக் கட்டிக்கொண்டேன், அதே குவார்ட்டர்ஸில் இரண்டு பிள்ளை பெற்றேன். தங்கை மில்லில் நின்றாள். அவள் புருஷன் நல்லவன்தான், ஆனால் பாதிப் பொழுது டீக்கடை. கொட்டுவது, அரைப்பது, சலிப்பது எல்லாம் அவள். பெல்ட் அவளுக்கு இடப்பக்கமாக வருகிற மாதிரிதான் நிற்க இடம் உண்டு. எட்டு ஒன்பது வருடம் அந்த இரைச்சல் விடாமல் விழுந்து, இடது காது நிஜமாகவே போய்விட்டது. கழுவினால் திரும்புகிற காதில்லை அது. யார் பேசினாலும் வலப்பக்கம் வந்து பேசச் சொல்வாள். நான் வைத்த பெயரைப் பாதியாவது உண்மையாக்கிவிட்டாள் என்று ஒரு முறை என் புருஷனிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு இரண்டு காதும் அடைத்தது. தையல் ஹாலில் இருநூறு மிஷின் ஓடும். சத்தம் தாங்காமல் நாங்கள் மிஷின் துடைக்கிற பஞ்சு வேஸ்டைக் கிள்ளிக் காதில் திணித்துக்கொள்வோம். தினமும் திணித்துத் திணித்து உள்ளே இருந்ததை நானே இடித்து இறுக்கியிருக்கிறேன். வருடாந்திர மெடிக்கலில் பார்த்துவிட்டு அதே சோடா சொட்டைக் கொடுத்து, மூன்று நாள் விட்டு நான்காம் நாள் வா, இல்லையென்றால் அன்ஃபிட் போட்டுவிடுவேன் என்றார் டாக்டர். வேலை போய்விடுமோ என்று அன்றைக்கே புட்டியோடு உட்கார்ந்தேன். நமக்கு நாமே காதில் சொட்டு விட்டுக்கொள்ள வராது. பள்ளிக்கூட லீவுக்குத் தங்கை பிள்ளைகளோடு வந்திருந்தாள். அவளையே விடச் சொன்னேன்.

புட்டியை உள்ளங்கையில் வைத்து உருட்டி வெதுவெதுப்பாக்கினாள். குளிர்ந்த மருந்தை விட்டால் தலை சுற்றுமாம், பூந்தமல்லி டாக்டர் சொன்னாராம். காதை மேலே, பின்பக்கமாக இழுத்துச் சொட்டை எண்ணி விட்டாள். மூன்று நாளும் ஒரு வேளை தவறவில்லை. மூன்றாம் நாள் எனக்கு எதுவுமே கேட்காமல் போய், என் குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. நாளைக்கு இவள் வர மாட்டாள் என்று தோன்றியது. நானாக இருந்தால் வந்திருக்க மாட்டேன்.

நான்காம் நாள் நான் எழுந்திருக்கும்போது அவள் குளித்து, நல்ல புடவை கட்டி, என் மெடிக்கல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். கிளம்பு என்று கையைக் காட்டினாள்.

டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் மாறியிருந்தார். பெரிய சிரிஞ்சில் வெந்நீரை இழுத்துக் காதுக்குள் பீச்சினார். தங்கை என் காதுக்குக் கீழே தட்டை ஏந்திப் பிடித்துக்கொண்டாள். பஞ்சும் குறும்பியுமாகக் கறுப்புக் கட்டி விழுந்தது. சட்டென்று உலகம் திறந்துகொண்டது. ஃபேன் சுற்றுகிற சத்தம், மாத்திரையை எண்ணுகிற சத்தம், வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் எல்லாம் வந்தது. வெளியே வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். பெஞ்சின் கோடியில்தான் எனக்கு இடம் கிடைத்தது.

"இப்ப நல்லா கேக்குதாக்கா?"

"சூப்பரா கேக்குதுடி."

அவள் என் பக்கம் குனிந்தாள். டாக்டர் அன்றைக்கு டெஸ்டில் அவளுக்குப் பின்னால் நின்று எண்களைச் சொன்னாரே, அந்த அளவு குரலில் பேசினாள்.

"அன்னிக்கு கம்பவுண்டர் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. வியாயக்கெயமை களுவணும், உட்டா உப்பிக்கும்னு கத்திகினுதானே சொன்னாரு. எல்லாம் கேட்டுச்சு."

"அம்மாகிட்ட ஏன்டி சொல்லல?"

"சொல்லிருந்தா அம்மா ஒன்னை அடிச்சி இட்டுகினு போவ வெச்சிருப்பாங்க. நீயா இட்டுகினு போறியான்னு பாத்தேன். எட்டு மணிக்கே தாவணி மாத்திகினு படில குந்திகினு கீறேன். நீ துணியெல்லாம் தொவைச்சி முடிச்சிட்டு வருவேன்னு நெனச்சேன்."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்குத் தவறவில்லை. "என்னை மன்னிச்சிருடி" என்று முணுமுணுத்தேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை அதற்கு முன்னால் யாருக்கும் வந்ததில்லை. அவள் மருந்துச் சீட்டை மடித்துப் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டிருந்தாள், திரும்பவே இல்லை. நான் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு முறை கத்திச் சொல்லியிருக்கலாம். வரிசையில் எங்கள் ஹால் பெண்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள், அதனால் நான் சொல்லவில்லை.